தட்டிப் பார்த்து வாங்கும் வேலை

'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் பண்ருட்டி, நெய்வேலிப் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு ஐ.டி. வேலை இன்று 'காண்ட்ராக்ட்' என்ற வாசல் வழியாகத்தான் வருகிறது. அந்த வாசலைத் தட்டுவது எப்படி, திறப்பவர் யார், உள்ளே போகுமுன் எதைப் பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை இரவு பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சென்னைப் பேருந்து உள்ளே திரும்பியதும் முதுகில் லேப்டாப் பையும் கையில் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பையுமாக ஒரு கூட்டம் ஓடும். நான்கைந்து மணி நேரத்தில் கிளாம்பாக்கம். விடிந்தால் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ ஐ.டி. அலுவலகம். வழியனுப்ப வந்த அப்பாக்கள் ஓரமாக நிற்பார்கள். அவர்களுக்குள் நடக்கும் பேச்சில் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"பையன் பெர்மனென்டா?"

"இல்ல, இப்போதைக்குக் காண்ட்ராக்ட்தான்."

பதில் சொல்பவர் குரல் சற்றே இறங்கிவிடும். வேறு ஊரில் 'காண்ட்ராக்ட்' வெறும் ஒரு சொல். இந்த வட்டாரத்தில் அதற்கு வரலாறு இருக்கிறது.

ஒரு சொல்லின் சுமை

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாகத் தெற்கே போனால் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னால் தெரிந்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பிறந்தது. என்.எல்.சி.யில் வேலை என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஓய்வுக்காலம் வரை உத்தரவாதம். பெண் கொடுக்க இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதே சுரங்கத்தில், அதே வெயிலில், அதே மண்ணை அள்ளும் இன்னொரு ஆளும் உண்டு. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் வேறு, அடையாள அட்டை வேறு, கேன்டீனில்கூட இடம் வேறு என்று குமுறியவர்கள் அவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அங்கே நடந்த வேலைநிறுத்தங்கள், உண்ணாவிரதங்கள், வழக்குகள் எல்லாம் இந்தப் பகுதி வீடுகளில் சாப்பாட்டு நேரப் பேச்சு. காண்ட்ராக்டிலிருந்து 'சொசைட்டி' எனப்படும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சொசைட்டியிலிருந்து பெர்மனென்ட் என்று படியேறக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அதனால்தான் மகன் 'காண்ட்ராக்ட்' என்று சொன்னதும் அப்பாவின் முகம் மாறுகிறது.

நிலத்தை நம்பலாம் என்றால், 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் ஒரே நாளில் பாடம் சொல்லிவிட்டுப் போனது. தாத்தா வைத்த பலாவும் முந்திரிக்கொல்லையும் வேரோடு சாய்ந்தன. மரம் திரும்ப வளர்ந்து காய்க்க ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளின் படிப்பு அதுவரை காத்திருக்காது. கொல்லையை நம்பிய வீட்டுப் பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் படிப்பில் இருப்பதற்கு அந்தப் புயலும் ஒரு காரணம்.

ஒரு காலியிடம் வரும் வழி

ஐ.டி.யில் காண்ட்ராக்ட் என்பது என்ன? ஒரு வங்கியின் மென்பொருள் வேலைக்கு ஆறு மாதத்துக்கு நாலு பேர் தேவை என்று வைத்துக்கொள்வோம். வங்கி தன் வேலையை ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்திடம் கொடுத்திருக்கும். அந்த நிறுவனத்திடம் அப்போது கைவசம் ஆள் இல்லை. தன் பட்டியலில் உள்ள வெண்டார்களுக்கு, அதாவது ஆள் தரும் நிறுவனங்களுக்கு, தேவையை அனுப்பும். வெண்டார் தன்னிடம் ஆள் இல்லையென்றால் இன்னொரு சிறிய கன்சல்டன்சிக்குத் தள்ளும். கடைசியில் உங்கள் போனில் ஒலிப்பது அந்த மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கும் ரெக்ரூட்டரின் குரல்.

சேர்ந்தபின் நீங்கள் உட்காருவது வங்கிக்கான வேலையில். கழுத்தில் தொங்குவது பெரிய நிறுவனத்தின் அட்டை. சம்பளம் போடுவது வெண்டார். இதைத்தான் 'தேர்ட் பார்ட்டி பேரோல்' என்கிறார்கள். சில மாதம் பார்த்துவிட்டுப் பிடித்தால் சொந்தப் பணியாளராக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'சி-டு-ஹெச்' (காண்ட்ராக்ட்-டு-ஹையர்) என்று பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல காண்ட்ராக்டர்கள் சொந்த கம்பெனி வைத்துக்கொண்டு நாள் கணக்கில் கட்டணம் பேசுகிறார்கள். நம் ஊரில் காண்ட்ராக்ட் என்றால் பெரும்பாலும் வெண்டாரின் சம்பளப் பட்டியலில் இருப்பதுதான். வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துச் சொல்லப்படும் ஆலோசனையில் பாதி இங்கே பொருந்தாததற்குக் காரணம் இது.

இந்தச் சங்கிலி தெரியாததால் பிள்ளைகள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரே காலியிடத்துக்கு ஐந்து கன்சல்டன்சிகள் ஆள் தேடும். ஐந்து பேரும் கூப்பிடுவார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஐந்து பேருக்கும் ரெஸ்யூமை அனுப்பினால், ஒரே ஆள் இரண்டு வெண்டார் வழியாக வந்திருப்பதைப் பெரிய நிறுவனத்தின் கணினி காட்டிக்கொடுக்கும். யாருக்குக் கமிஷன் என்ற தகராறு எதற்கு என்று அந்த ரெஸ்யூமையே ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே போன் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: கிளையன்ட் யார்? எந்த நிறுவனத்துக்கு? பதிலை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு காலியிடத்துக்கு ஒரு வழி போதும்.

இன்னொன்று நேரம். பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் இரண்டு, மூன்று மாதம். காண்ட்ராக்ட் தேவை பெரும்பாலும் 'உடனே வா' என்பது. பெரிய நிறுவனத்தில் இருப்பவர் மூன்று மாதம் கழித்துத்தான் வர முடியும். வேலை தேடிக்கொண்டிருப்பவர் திங்கட்கிழமையே சேரலாம். வேலையில்லாமல் இருப்பது பலமாக மாறும் இடம் ஐ.டி.யில் இது ஒன்றுதான். ஆனால் காண்ட்ராக்ட் இடங்களில் பெரும்பாலும் இரண்டு ஆண்டாவது அனுபவம் கேட்பார்கள். ஃப்ரெஷருக்குத் திறப்பவை சப்போர்ட், டெஸ்டிங், அப்ரன்டிஸ் போன்ற கதவுகள். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மண்டியில் படித்த பாடம்

சித்திரை, வைகாசியில் பண்ருட்டி மண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பலாவை வெளியிலிருந்து பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. வியாபாரி குனிவார், முள் அகன்றிருக்கிறதா என்று தடவுவார், விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார். 'தொப்' என்று மந்தமாக ஒலித்தால் விளைந்தது. ஒலி கணீரென்றால் இன்னும் நாள் இருக்கிறது. உரித்துப் பார்த்து வாங்க முடியாத பண்டத்துக்கு அந்தத் தட்டுதான் நேர்காணல்.

நிறுவனத்துக்கு நீங்களும் அப்படித்தான். ரெஸ்யூமில் எல்லாப் பழமும் ஒரே மஞ்சள். ஒரு மணி நேர நேர்காணலில் பாதி நடிப்பு. ஆறு மாத காண்ட்ராக்டில் ஆளின் ஒலி தெரிந்துவிடும்: சொன்ன தேதிக்குக் கொடுக்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா, ராத்திரி சர்வர் விழுந்தால் போனை எடுக்கிறாரா. நிறுவனம் உங்களைத் தட்டிப் பார்க்கிறது. அதே ஆறு மாதத்தில் நீங்களும் நிறுவனத்தைத் தட்டிப் பார்க்கலாம். சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளிக்குப் போக வேறு சுரங்கம் இல்லை. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஐ.டி. காண்ட்ராக்ட்காரருக்கு அடுத்த கிளையன்ட் உண்டு, கையில் தொழில் இருந்தால். இந்த வித்தியாசத்தை அப்பாக்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

அதற்காகக் காண்ட்ராக்ட் பூமெத்தை என்று யாரும் சொல்லவில்லை. புராஜெக்ட் முடிந்தால் முதலில் வெளியே போவது காண்ட்ராக்ட்காரர்தான். பெர்மனென்ட் ஆளுக்குப் புராஜெக்ட் இல்லாத நாளிலும் 'பெஞ்ச்'சில் சம்பளம் வரும். இவருக்கு பெஞ்ச் கிடையாது. ஆண்டு போனஸ் கிடையாது. ஒரு காண்ட்ராக்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் மாதங்கள் வரும். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைக்காதவர் இந்த வழியில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

பைசா கணக்கு

ஆஃபர் லெட்டரில் 'ஆண்டுக்கு 4,80,000' என்று இருக்கிறது. மாதம் 40,000. இதை இரண்டு விதமாகக் கொடுக்கிறார்கள்.

முதல் விதம், பேரோல். அடிப்படைச் சம்பளம் 20,000 என்று கொள்வோம். பி.எஃப்.புக்கு 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம் பிடித்தால் உங்கள் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800. பணிக்கொடைக்கு ஒதுக்கீடு ஏறத்தாழ 962. இந்த மூன்றும் அந்த 40,000-இலிருந்தே போவதால் கைக்கு வருவது 35,438. தொழில் வரி, காப்பீடு போனால் இன்னும் சற்றுக் குறையும்.

இரண்டாவது விதம், 'கன்சல்டன்ட்'. நீங்கள் பணியாளர் இல்லை. மாதம் பில் கொடுக்கும் தொழில்முறையாளர். 40,000-இல் பெரும்பாலும் 10 சதவீதத்தை வருமான வரிக்கான டி.டி.எஸ். என்று பிடித்து 36,000 போடுவார்கள். "அதைவிட இது ஐந்நூறு ரூபாய் அதிகமாச்சே!" என்று பையன் சந்தோஷப்படுவான். ஆனால் மாதம் 3,600 வீதம் ஆண்டுக்கு 43,200 ரூபாய் பி.எஃப். சேமிப்பு இதில் இல்லை. பணிக்கொடை இல்லை. விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை. பிடித்த 48,000 டி.டி.எஸ்.ஸையும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பப் பெற முடியும். தாக்கல் செய்யாமல் விட்டால் அது போனதுதான். கன்சல்டன்ட்டாகப் போகிறவர் பேரோல் சம்பளத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை ஐந்தே ஐந்து. சம்பளம் யார் போடுகிறார்கள், எந்தத் தேதியில்? பி.எஃப். உண்டா? காண்ட்ராக்ட் எத்தனை மாதம், நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ்? பாண்ட் ஏதும் உண்டா, ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்களா? கிளையன்ட் சொந்தப் பணியாளராக எடுத்தால் வெண்டார் தடுப்பாரா? சேர்ந்த இரண்டாவது மாதமே யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறவில்லையென்றால் அது முதல் அபாய மணி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாப் பணியாளருக்கும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்குகின்றன. குறித்த காலத்துக்கு எடுக்கப்படுபவருக்கு ஓராண்டு வேலைக்கே பணிக்கொடை உரிமை தருகின்றன. "காண்ட்ராக்டுக்கு அதெல்லாம் கிடையாது தம்பி" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

தூரத்துத் தெரிந்தவர்

காலியிடம் வருவதை யார் சொல்வார்கள்? இங்கேதான் 'நெட்வொர்க்கிங்' என்ற சொல் வருகிறது. நம் ஊரில் அதைச் சிபாரிசு என்று புரிந்துகொள்கிறார்கள். எம்.எல்.ஏ. கடிதம், மாமாவுக்குத் தெரிந்த மேனேஜர். ஐ.டி.யில் அது அதிகம் எடுபடாது. ரெஃபரல் கொடுப்பவர் உங்கள் ரெஸ்யூமை உள்ளே தள்ளலாம். நேர்காணலை அவர் எழுதித் தர முடியாது.

1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார்: அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். பெரும்பாலும் வேலை உயிர் நண்பன் வழியாக வரவில்லை; தூரத்துத் தெரிந்தவர் வழியாக வந்தது. 2022-இல் லிங்க்ட்இன் பயனர்கள் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: ஓரளவு தூரத்து உறவுகளே புது வேலைக்கு அதிகம் உதவுகின்றன, கணினி சார்ந்த துறைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

காரணம் யோசித்தால் புரியும். ஒரே வகுப்பில் படித்து, ஒரே மேன்ஷனில் தங்கி, ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எட்டுப் பேருக்கும் தெரிவது ஒரே செய்தி. எட்டுப் பேரும் அதே கன்சல்டன்சிக்கு அதே நாளில் ஓடுவார்கள். புதுச் செய்தி வேறு கல்லூரியில் படித்த, வேறு நிறுவனத்தில் இருக்கும், வருடத்துக்கு இரண்டு முறை பேசும் ஒருவரிடம்தான் இருக்கும்.

நகரத்துப் பிள்ளைக்கு அப்படிப்பட்டவர் சித்தப்பாவின் நண்பராகவோ பக்கத்து ஃப்ளாட்காரராகவோ தானாகவே கிடைத்துவிடுவார். முந்திரி உடைக்கப் போகும் அம்மாவின் மகளுக்கு அப்படி யாரும் இல்லை. அவள் அந்தத் தூரத்துத் தெரிந்தவரைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது.

விழுப்புரத்து ஞாயிறு

பண்ருட்டியிலிருந்து அரை மணி, முக்கால் மணி ரயில் பயணத்தில் விழுப்புரம். அங்கே 2013 முதல் இயங்குகிறது 'விஜிலக்' எனப்படும் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்துவது. பகலில் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் விடுமுறை நாளில் கிராமப்புற, அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கற்றுத்தருகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் நாளை உங்களை ரெஃபர் செய்யக்கூடியவர். ஞாயிறுதோறும் உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர். சிபாரிசுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்: சிபாரிசு செய்பவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், இவருக்கு உங்கள் வேலையைத் தெரியும்.

இதே மரபில் காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறு மாலைகளில் இணையவழிக் கூட்டம் நடத்துகிறது. பண்ருட்டி வீட்டுத் திண்ணையிலிருந்தே சேரலாம். சென்னையில் பைத்தான் பயனர் குழு மாதந்தோறும் கூடுகிறது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்காகத் தமிழிலேயே மென்பொருள் பாடங்களை வெளியிட்டு வருகிறது. எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. போய் உட்கார வேண்டும், இரண்டாவது வாரமும் போக வேண்டும், ஒருநாள் எழுந்து ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கேட்கும் விதமும் ஒரு கலை. லிங்க்ட்இன்னில் சீனியர் ஒருவருக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படி இருக்கும்: "அண்ணா, எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க. எதுவா இருந்தாலும் செய்றேன்." பாவம்தான், ஆனால் இதற்கு என்ன பதில் எழுதுவது? இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வணக்கம் அண்ணா. நான் பண்ருட்டி, நீங்க படிச்ச காலேஜ்ல போன வருஷம் முடிச்சேன். பலா மண்டியில லோடு, காய் எண்ணிக்கை, கமிஷன் கணக்கு வெச்சுக்க ஜாவால ஒரு சின்ன ஆப் பண்ணியிருக்கேன், லிங்க் கீழே. உங்க டீம்ல புதுசா சேர்றவங்க என்ன தெரிஞ்சிருக்கணும்னு பத்து நிமிஷம் கேக்கலாமா?" இரண்டாவதற்கு மனிதர்கள் பதில் எழுதுவார்கள். வேலை கேட்டால் 'இல்லை' என்பது சுலபம். விவரம் கேட்டால் 'இல்லை' என்பது கஷ்டம்.

பணம் கேட்டால் கதவை மூடு

தேவை இருக்கும் இடத்தில் திருடனும் இருப்பான். 'பேக்டோர்' வேலை, 'டிரெயினிங்குடன் பிளேஸ்மென்ட்', ஒன்றரை லட்சம் கட்டினால் ஆஃபர் லெட்டர் என்று வலை விரிப்பவர்கள் நகைக்கடன் வாங்கிய வீடுகளைக் குறிவைக்கிறார்கள். வெண்டாருக்குக் கமிஷன் தருவது ஆள் எடுக்கும் நிறுவனம். வேலைக்குச் சேருபவரிடம் பணம் கேட்பவர் அந்தச் சங்கிலியில் எந்தப் படியிலும் இல்லாதவர். அதேபோல் 'மூன்று வருஷ அனுபவம் போட்டுத் தருகிறோம்' என்பதும் பொறி. சேர்ந்தபின் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். வரலாற்றைப் பார்ப்பார்கள், பொய் அங்கே நிற்காது. வேலையும் போகும், பெயரும் போகும்.

கடல் கடந்த காண்ட்ராக்ட் கனவும் இன்று சுருங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 85,000 என்ற எச்-1பி விசா வரம்போடு, புது விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணத்தையும் 2025 செப்டம்பரில் அமெரிக்கா அறிவித்தது. இன்னொரு பக்கம் வேலை மெல்ல ஊர்ப்பக்கம் நகர்கிறது. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இலேயே தென்காசிக்குப் போனது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பண்ருட்டிப் பிள்ளை கிளாம்பாக்கம் பேருந்தைப் பிடிக்காமலே வேலைக்குப் போகும் நாள் வரலாம். அந்த வேலையும் முதலில் ஆறு மாத காண்ட்ராக்டாகவே வரக்கூடும்.

கடைசியாக ஒரு வார்த்தை, ஏற்கெனவே வேலையில் இருக்கும் பண்ருட்டி, நெய்வேலி, கடலூர்க்காரர்களுக்கு. பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, நீங்கள் படித்த பள்ளியிலோ நூலகத்திலோ ஐந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். அவர்கள் செய்து வைத்திருப்பதைத் திறந்து பாருங்கள். எங்கே சரியில்லை என்று சொல்லுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அவர்கள் கூப்பிட்டால் எடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத தூரத்துத் தெரிந்தவர் நீங்கள்தான்.